காத்திருப்புப் பாட்டுக்கு ஓர் உரையாசிரியை

"வந்துகிட்டே இருக்காருங்க" என்பதை வாழ்நாளில் அதிகத் தடவை சொன்னவருக்குப் பரிசு என்று யாராவது அறிவித்தால், போட்டியெல்லாம் வைக்க வேண்டாம். நேரே கொண்டுபோய் அவளிடம் கொடுத்துவிடலாம். துணி துவைக்கும் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் நிறுவனம் ஒன்றில் தொலைபேசி எடுப்பது அவள் வேலை. இயந்திரம் நின்றுபோனவர்கள் கூப்பிடுவார்கள். காலையில் வருவதாகச் சொன்ன மெக்கானிக்கை மாலையாகியும் காணோம் என்று கத்துவார்கள். "வந்துகிட்டே இருக்காருங்க, உங்க தெருப் பக்கம்தான் இருக்கார்" என்பாள். மெக்கானிக் அப்போது எங்கே இருக்கிறார் என்பது அவருக்கும் ஆண்டவனுக்கும் மட்டுமே தெரியும். ஆனால் அவள் சொல்கிற விதத்தில், கத்தியவர் போய் வாசல் கதவைத் திறந்துவைத்துவிட்டு நிற்பார். பொய் சொல்லிப் பிழைக்கிறவள் என்று அவளை நினைத்துவிடாதீர்கள். சொல்லும்போது அதை முழுசாக நம்பித்தான் சொன்னாள். அவளுடைய கோளாறே அதுதான்.

அலுவலகம் மாடியில் இருந்தது. கீழே பட்டறை, வயிறு பிளந்த இயந்திரங்கள் வரிசையாகக் கிடக்கும். மேலே நான்கு மேசை, நான்கு தொலைபேசி, ஒரே ஒரு மின்விசிறி. அது எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தினமும் ஒரு பஞ்சாயத்து நடக்கும். அவளுக்கு எதிர் மேசையில் இருந்தவள் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். புருஷனோடு காலையில் சண்டை போட்டு, மத்தியானம் தொலைபேசியிலேயே சமாதானம் ஆகிறவள். எல்லாரும் அவளை எதிர்சீட்டு என்றே கூப்பிட்டார்கள். நம் ஆளுக்கு 'உரையாசிரியை' என்று பெயர் வைத்ததும் அந்த எதிர்சீட்டுதான். அந்தப் பெயருக்குக் காரணம் ஒரு பாட்டு.

வாடிக்கையாளர்களைக் காக்கவைக்கும்போது முன்பெல்லாம் தொலைபேசியில் ஏதோ கிணுகிணு என்று ஒலிக்கும். அதைக் கேட்டு ஏற்கெனவே கோபமாக இருந்தவர்களுக்கு வெறியே பிடித்தது. மேனேஜருக்கு ஒரு மச்சான், இசையமைப்பாளர். அவர் இசையமைத்த ஒரே படம் பாதியில் நின்றுபோக, பாட்டு மட்டும் அநாதையாகக் கையில் இருந்தது. மனைவியின் தொல்லை தாங்காத மேனேஜர் அதை வாங்கித் தொலைபேசி இயந்திரத்தில் ஏற்றிவிட்டார். ஆரம்பத்தில் வரும் மேளத்தைக் கேட்டார், நன்றாக இருந்தது, அத்தோடு சரி. வார்த்தைகளை அவர் காதில் வாங்கவேயில்லை. வாங்கியிருந்தால், மெக்கானிக்குக்காகக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருக்கும் ஜனங்களிடம் இந்தப் பாட்டைப் போட அவருக்குக் கை வந்திருக்காது. ஒரு பெண் பாடுகிறாள்:

*கதவுள்ள வீடும் நீயே, கதவுக்குப் பூட்டும் நீயே,*
*தட்டித் தட்டி என் விரலும் தாளம் கற்றுக்கொண்டதே.*

பிறகு முதல் சரணம்:

*பேசாத உன் வாய்க்குள்ளே என் பேர் இருக்குமோ,*
*பேச வாய் திறக்கும் நாளில் அது பறந்து போகுமோ.*

அது முடிந்ததும் ஒரு குரல் வரும்: 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. தயவுசெய்து இணைப்பிலேயே காத்திருங்கள்.' அந்தக் குரல் அவளுடையது. அப்புறம் இரண்டாவது சரணம்:

*வருவேன் என்று சொன்னதில்லை, வரமாட்டேன் என்றும் இல்லை,*
*இரண்டுக்கும் நடுவினிலே வீடு கட்டி வாழ்கிறேன்.*

பாட்டு வந்த வாரமே, கூப்பிட்டவர்கள் பழுதை விட்டுவிட்டுப் பாட்டைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார்கள். தண்ணீர் ஒழுகி வீடெல்லாம் வெள்ளமாக நிற்கும்போது ஓர் அம்மா கேட்டார்: "அது கிடக்கட்டும், அந்த ஆளு கடைசில வர்றானா இல்லையா?" மற்ற மூன்று பேரும் இந்த மாதிரி அழைப்புகளை அவள் பக்கம் தள்ளிவிட்டார்கள். அவளும் சளைக்காமல் பதவுரை, பொழிப்புரை, விளக்கவுரை என்று எல்லாம் வழங்கினாள். மத்தியானம் சாப்பிடும்போது மூலையிலிருந்த தொலைபேசியில் தங்கள் எண்ணையே கூப்பிட்டு, பாட்டைக் கேட்டுக்கொண்டே பாடம் நடத்துவாள். அலுவலகத்துக்குள்ளிருந்து கூப்பிட்டால் இரண்டாவது சரணத்தோடு தொலைபேசி இயந்திரம் தானாக இணைப்பைத் துண்டித்துவிடும். அது அவளுக்குக் குறையாகவே படவில்லை. பாட்டு அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

"பூட்டுன்னா என்ன அர்த்தம்? உள்ள ஏதோ இருக்குன்னு அர்த்தம். காலி வீட்ட யாராவது பூட்டுவாங்களா?" என்பாள்.

"எங்க பக்கத்து வீடு காலியாத்தான் கெடக்கு. ரெண்டு பூட்டு போட்டிருக்காங்க" என்பாள் எதிர்சீட்டு.

"உனக்கு ரசனையே இல்லடி. அவன் கூச்ச சுபாவம். குடும்ப பாரம் வேற இருக்கும். வரமாட்டேன்னு ஒரு வார்த்த சொன்னானா? அதுதான் இந்தப் பாட்டோட உயிரே."

"குடும்ப பாரமா? அது எந்த வரியில வருது?"

"வரிக்கு நடுவுல வருது. உனக்குத் தெரியாது."

வரிக்கு நடுவில் அவள் யாரைப் பார்த்தாள் என்பது அந்த மாடி முழுக்கத் தெரியும், கீழே பட்டறையிலும் தெரியும், ஒருவரைத் தவிர. அந்த ஒருவர்தான் மூத்த மெக்கானிக். சரியான கல்லுளிமங்கன். சட்டைக் கையை முழங்கைவரை மடித்து, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, ஈரக் கையோடு மாடியேறி வருவார். எப்பேர்ப்பட்ட இயந்திரமும் அவர் கை பட்டால் ஓடும். மனிதர்களிடம்தான் பிடி கொடுத்துப் பேசத் தெரியாது. எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்: "பாக்கலாம்." மூன்றாவது தெருவுக்கு இன்றைக்குப் போவீர்களா? பாக்கலாம். நாளைக்கு மழை வருமா? பாக்கலாம். ஒருநாள் துணிச்சலை வரவழைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழம சும்மாத்தான் இருப்பீங்களா?" என்று கேட்டாள். அதற்கும் பாக்கலாம். அந்த ஞாயிறு முழுக்க அவள் தலை வாரிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

அவர் பக்கமிருந்து ஆதாரமே இல்லை என்று சொல்ல முடியாது. மேசை இழுப்பறையில் அதைச் சேர்த்து வைத்திருந்தாள். இயந்திரத்தின் வடிகட்டியில் சிக்கிக்கிடக்கும் சாமான்களை, "யாருதுன்னு தெரியல, வெச்சுக்கோங்க" என்று அவள் மேசையில் வைத்துவிட்டுப் போவார். சட்டைப் பொத்தான், கொண்டை ஊசி, ஒருமுறை நீலக் கல் வைத்த ஒற்றைக் காதணி. ஆண்கள் காதணி கொடுத்தால் என்ன பொருள் என்று நீங்களே சொல்லுங்கள். இயந்திரத்தில் கிடைத்த பொருளை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி, மாடிப்படியில் ஏறினால் முதல் மேசை அவளுடையது என்ற அற்ப விஷயங்களை அவள் பொருட்படுத்தவில்லை.

வீட்டில் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "அந்த மனுஷனுக்கு நீ வாங்குற வக்காலத்துக்கு, உன்ன வக்கீலுக்கே படிக்க வெச்சிருக்கலாம்" என்றாள். மாமா நல்லவர், மைத்துனி விஷயத்தில் தலையிடாமல் செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொள்வார்.

இதற்கிடையே ஒரு நல்ல காரியம் வந்து கதவைத் தட்டியது. வேறு ஊரில் நிறுவனம் புதுக் கிளை திறக்கிறது. அங்கே தொலைபேசிப் பகுதிக்குப் பொறுப்பாளராக அவளைப் போகச் சொன்னார் மேனேஜர். தனி அறை, கீழே ஆறு பேர். அவளுக்கு ஆசை இல்லாமல் இல்லை. மேசைகளை எப்படிப் போடுவது என்று யோசித்து, மனசுக்குள்ளேயே இரண்டு மின்விசிறியும் வாங்கி மாட்டிவிட்டாள். ஆனால் போனால் இந்த மாடிப்படியில் அந்தக் காலடிச் சத்தம் கேட்காதே! இரண்டு தடவை "யோசிச்சு சொல்றேன் சார்" என்று இழுத்தாள். மேனேஜருக்குப் பொறுமை போய்விட்டது. "வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லும்மா. இல்லேன்னா வெளியிலிருந்து ஆள் எடுத்துடுவேன்" என்றார்.

திங்கட்கிழமை மெக்கானிக் மேலே வந்தபோது அவரையே கேட்டுவிட்டாள்.

"என்னைய புதுக் கிளைக்குப் போகச் சொல்றாங்க. வேற ஊரு. போகட்டுமாங்க?"

அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பார்த்தார், திரும்பச் செருகினார். "பாருங்க" என்றார்.

அவர் படி இறங்குவதற்குள் உரை தயாராகிவிட்டது. "கவனிச்சியா? எப்பவும் 'பாக்கலாம்'பார். இன்னைக்குப் 'பாருங்க'ன்னார். போகாதீங்கன்னு சொல்ல வாய் வரல, போங்கன்னு சொல்ல மனசு வரல" என்றாள். எதிர்சீட்டு மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டாள். அவள் மூளைக்குக் காற்று தேவை என்று நினைத்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை ஒரு சலூன்காரர் கூப்பிட்டார். முந்தின நாளிலிருந்தே அவருடைய இயந்திரத்தின் கதவு திறக்கவில்லை. கடையிலிருந்த அத்தனை துண்டுகளும் உள்ளே மாட்டிக்கொண்டன.

"கண்ணாடி வழியா தெரியுது மேடம். பாத்துக்கிட்டே இருக்கேன், எடுக்க முடியல. மோசம் போனா தலையில துண்டப் போட்டுக்கிட்டு உக்காருவாங்க. எனக்கு அதுக்குக்கூட ஒரு துண்டு இல்ல."

பதிவேட்டைப் பார்த்தாள். மூத்த மெக்கானிக்கிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை. குரலில் தேன் வழிந்தது. "எங்க பெஸ்ட் மெக்கானிக்தாங்க வர்றார். வந்துகிட்டே இருக்கார்."

மறுபடி கூப்பிட்டார். காக்கவைத்தாள். சலூன்காரர் கைக்கு வேலை இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு முடி வெட்டப் போய்விட்டார். பாட்டு கடை முழுக்க ஒலித்தது. அவள் திரும்ப இணைப்புக்கு வந்தபோது அந்தப் பக்கம் பட்டிமன்றம் நடந்துகொண்டிருந்தது.

"மேடம், இங்க கடையே ரெண்டாப் பிரிஞ்சிடுச்சு. முகத்துல நுரையோட உக்காந்திருக்கவர் அவன் வரமாட்டான்கிறார். பெஞ்சுல இருக்கவர் வருவான்கிறார். வெட்டி முடிச்சவங்களும் எழுந்து போகமாட்டேங்கிறாங்க. நீங்க ஒரு தீர்ப்பு சொல்லுங்க."

இவ்வளவு பெரிய சபை அவளுக்கு அதுவரை வாய்த்ததில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டாவது சரணத்துக்கு விளக்கம் சொன்னாள். அவன் மறுக்கவில்லை என்பதே அவன் மனசு; மறுக்காத இடத்தில் நம்பிக்கைக்கு இடமிருக்கிறது; அதனால்தான் அவள் அங்கே வீடு கட்டுகிறாள். பெஞ்சுக்காரர் கை தட்டினார்.

"ஒரு சந்தேகம் மேடம். வரமாட்டேன்னு சொல்லலைன்னா வருவான்னு அர்த்தமா?" என்றார் சலூன்காரர். "எங்க கடைக்கு எதிர்ல ஒரு கரண்டு கம்பம் நிக்குது. அதுவும் இதுவரைக்கும் வரமாட்டேன்னு சொல்லல."

கடை கொல்லென்று சிரித்தது. அவளுக்குச் சுருக்கென்றது. "மெக்கானிக் வந்துகிட்டே இருக்கார்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வைத்தாள். அன்று அவர் போகவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சலூன்காரர் திரும்பக் கூப்பிட்டபோது குரலில் விளையாட்டு இல்லை.

"அம்மா, காலையிலேருந்து என் சட்டையாலதான் எல்லாருக்கும் முகம் துடைச்சு விடறேன். இப்ப பனியனோட நிக்கறேன். உள்ளதச் சொல்லுங்க. வரமாட்டார்னா நான் வேற வழி பாத்துக்குவேன். அவர் வராதது பெரிசில்ல. நீங்க வர்றார் வர்றார்ங்கிறீங்க பாருங்க, அதுதான் என்னைய எங்கயும் நகரவிடாம கட்டிப் போடுது."

"ஒரு நிமிஷம் இருங்கண்ணே" என்று அவரைப் பாட்டில் விட்டுவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். நீண்ட நேரம் மணி அடித்தது. எடுத்தார். பின்னால் தேநீர்க் குவளைகள் மோதும் சத்தம் கேட்டது.

"அந்தச் சலூன் வேலைங்க. ரெண்டு நாளா காத்துக்கிட்டிருக்காங்க."

"சலூனா? பாக்கலாம்."

"பாக்கலாம்னா, வருவீங்களா மாட்டீங்களா?"

நீண்ட மௌனம். வழக்கமாக இந்த மாதிரி மௌனத்துக்கு அவள் ஒரு பக்கம் உரை எழுதுவாள். இன்றைக்கு எழுத ஓடவில்லை. "பாக்கலாம்ங்க" என்றார் அவர்.

"இன்னொண்ணு. புது ஊருக்குப் போறத பத்தி இன்னைக்கு நான் சாருக்குப் பதில் சொல்லணும்."

"எந்த ஊருக்கு?" என்றார் அவர்.

கேலியாகவோ கோபமாகவோ அவர் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார். திங்கட்கிழமை அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்ட கேள்வி அவர் காதிலிருந்த பென்சிலைக்கூடத் தொடவில்லை. அவளுக்கு வலித்தது. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே வலித்தது. "ஒண்ணுமில்லங்க" என்று வைத்தாள். கொஞ்ச நேரம் தொலைபேசியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சலூன்காரர் இணைப்பில் இருக்கிறார் என்பது அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

எடுத்தால் அந்தப் பக்கம் ஏக ஆரவாரம்.

"அம்மா! இன்னொரு சரணம் இருக்கும்மா! இவ்வளவு நேரம் நீங்க காக்கவெச்சதே இல்ல, அதான் இதுவரைக்கும் எங்களுக்கே தெரியல. கேசு முடிஞ்சுபோச்சு, நுரைக்காரர் கட்சி ஜெயிச்சிடுச்சு!"

"இன்னொரு சரணமா? பாட்டு ரெண்டோட முடிஞ்சிடுமே அண்ணே."

"முடியல. கேளுங்க" என்று சலூன்காரர் சொல்ல, சுருதி சேராத ஏழெட்டு ஆண் குரல்கள் அவள் காதில் பாடின:

*தட்டிய கை என்னுடையது, தாளமும் என்னுடையது,*
*எடுத்துக்கொண்டு போகிறேன் நான், கதவை நீயே வைத்துக்கொள்.*

பாதிப் பாட்டை வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் உரை சொல்லியிருக்கிறாள்! பாடுகிறவள் எப்போதோ எழுந்து போய்விட்டாள். அவள் காலி செய்த வீட்டில் இவள்தான் குடியிருந்திருக்கிறாள். நினைக்க நினைக்கச் சிரிப்பு வந்தது. அழுகையும் கூடவே வந்தது. சிரிப்பு முந்திக்கொண்டது.

"அண்ணே, உள்ளதச் சொல்லவா? அவர் வரமாட்டார்" என்றாள்.

எதிர் மேசையில் எதிர்சீட்டு பேசிக்கொண்டிருந்த அழைப்பைப் பாதியில் விட்டுவிட்டு நிமிர்ந்தாள். அந்த மாடியில் இதுவரை யாரும் வாயால் உச்சரிக்காத வாக்கியம் அது.

"அப்பாடா" என்றார் சலூன்காரர். "சரி, சுத்தியல எடுக்கறேன்."

"இருங்க, உடைக்காதீங்க. மொதல்ல பிளக்கப் புடுங்குங்க. கீழ ஓரமா ஒரு சின்ன மூடி இருக்கா? அதத் திறந்தா ஒரு குழாய் வரும். தண்ணிய வடிச்சிடுங்க."

கதவு பூட்டிக்கொண்டால் வெளியிலிருந்தே திறக்க அந்த வகை இயந்திரத்தில் ஒரு வழி உண்டு. பட்டறையிலும் மாடியிலும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். வாடிக்கையாளரிடம் மட்டும் சொல்லக் கூடாது; சொல்லிவிட்டால் அப்புறம் யார் மெக்கானிக்குக்காகக் காத்திருப்பார்கள்? சலூனில் பெரிய பாத்திரம் இல்லை. ஷேவிங் கிண்ணத்தில் பிடித்துப் பிடித்து, முடி வெட்ட வந்தவர்கள் கைமாற்றிக் கொண்டுபோய்த் தெருவில் ஊற்றினார்கள். பெஞ்சுக்காரர் தோற்ற கட்சியாக இருந்தாலும் நன்றாக உழைத்ததாகத் தெரிந்தது.

"வடிஞ்சிடுச்சு."

"குழாய்க்குப் பக்கத்துல ஒரு பட்டை தொங்கும். மெதுவா கீழ இழுங்க."

ஒரு 'டக்' கேட்டது. அதற்குப் பிறகு கேட்டதை ஆரவாரம் என்று சொன்னால் போதாது.

"தொறந்துடுச்சும்மா! அந்தாளு இல்லாமலே தொறந்துடுச்சு! நாத்தம் கொடலப் புரட்டுது, ஆனா மனசு நெறஞ்சிருக்கு!"

தொலைபேசியை வைத்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, நேரே மேனேஜர் அறைக்குப் போனாள்.

"நான் போறேன் சார். ரெண்டு ஃபேன் வேணும். அப்புறம், அந்தக் கிளையில காத்திருப்புப் பாட்டுல கடைசி சரணத்த மொதல்ல போடணும்."

மேனேஜர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். "அந்தப் பாட்டுல வார்த்தையெல்லாம் இருக்கா?" என்றார்.

அவளுடைய கடைசி நாளில் இழுப்பறையைக் காலி செய்தாள். பொத்தான், கொண்டை ஊசி, நீலக் கல் காதணி எல்லாவற்றையும் அலமாரி மேலிருந்த 'கண்டெடுத்த பொருட்கள்' பெட்டியில் போட்டாள். காதணியை மட்டும் ஒரு தடவை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டாள். அந்தச் சமயம் பார்த்து மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. மெக்கானிக் ஒரு குழந்தையின் ஒற்றைக் காலுறையை அவள் மேசையில் வைத்தார்.

"யாருதுன்னு தெரியல. வெச்சுக்கோங்க."

"பெட்டி அங்க இருக்குங்க" என்றாள். அவர் போய்ப் பெட்டியில் போட்டார். போட்டவர் இறங்கிப் போகாமல் நின்றார். மேசையில் இருந்த பையைப் பார்த்தார்.

"எங்கயோ போறீங்களாமே. எப்ப திரும்பி வருவீங்க?"

மாடியே காதைத் தீட்டிக்கொண்டது. எதிர்சீட்டு தன் அழைப்பைப் பாட்டில் போட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு, கண்ணாலேயே கெஞ்சினாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுடி, அவர் வார்த்தையை அவருக்கே திருப்பிக் கொடுடி என்று கெஞ்சினாள். நம் ஆளுக்கும் 'பாக்கலாம்' நாக்கு நுனிவரை வந்தது உண்மை. எவ்வளவு ருசியான பழி! ஆனால் அந்த வார்த்தைக்குள் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் அடங்கும் என்று அந்த அறையில் அவளைப்போல் தெரிந்தவர் யாரும் இல்லை.

"வரமாட்டேங்க" என்றாள்.

"சரிங்க" என்றார் அவர்.

அந்தச் 'சரிங்க'வுக்கு என்ன பொருள் என்று அவள் நின்று யோசிக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு, மின்விசிறியை எதிர்சீட்டு பக்கம் முழுசாகத் திருப்பிவைத்துவிட்டு, படி இறங்கிப் போனாள்.